மீட்டர் காட்டும் ஓட்டம்

ஜூன் 4, செவ்வாய்

இன்று புதன்சந்தை தாண்டியதும் பிக்கப்பின் ஸ்பீடோமீட்டர் முள் நாற்பதிலிருந்து நேராகப் பூஜ்யத்துக்கு விழுந்துவிட்டது. வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. முள் மட்டும் செத்துப்போனது. ராசிபுரம் வருவதற்குள் தானாக எழுந்து ஆடியது, மறுபடி விழுந்தது. கிலோமீட்டர் எண்ணும் கட்டமும் அதோடு சேர்ந்து நின்று நின்று ஓடியது.

சிமெண்ட் ஏற்றுகிறவனுக்கு இது ஒரு விஷயமே இல்லை. நான் முட்டை வியாபாரி. பண்ணையில் எடுத்து மளிகைக்கடை, புரோட்டாக்கடை, பேக்கரி என்று இறக்குகிறவன். என் வண்டியில் முள் நாற்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. சைக்கிளை விட்டு வண்டிக்கு மாறிய நாளிலிருந்து இதுதான் சட்டம். அதற்கு மேல் போய் ஒரு பள்ளத்தில் இறங்கினால் அடியில் உள்ள முட்டை அட்டை உடைந்து மஞ்சளாகிவிடும். இன்று என்ஜின் சத்தத்தை வைத்தே ஓட்டினேன். இரண்டு அட்டை உடைந்தது. வழக்கமாக அரை அட்டைகூட உடையாது.

சாயங்காலம் நாச்சிமுத்துவிடம் சொன்னேன். சுலோசனாவின் தம்பி. பத்தாவதில் தவறி, ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தவனை நான்தான் தொழிலுக்குக் கொண்டுவந்தேன். செவ்வாய், வெள்ளி நான் ராசிபுரம் லைன். திங்கள், வியாழன் அவன் துறையூர் லைன். வண்டி ஒன்றுதான்.

"உன்ற கைல முள்ளு ஒழுங்கா நிக்குதா மாப்ள?"

"நான் முள்ளப் பாக்கறதே இல்லீங் மாமா. சத்தத்துலயே தெரிஞ்சிருமுங்க. பழைய வண்டி, இப்படி எதாச்சும் காட்டத்தான் செய்யும்."

"எனக்கு முள்ளு வேணும். கிலோமீட்டரும் வேணும்."

"உங்களுக்கு வேணுமுன்னா பாத்தர்லாமுங்க."

காலையில் வண்டி எடுக்கும்போதும் இரவு விடும்போதும் நான் கிலோமீட்டர் பார்ப்பேன். டீசல் கணக்குக்கு அது வேண்டும். கொஞ்ச காலமாகக் கணக்கு உதைக்கிறது. ஓட்டம் ஏறவில்லை, டீசல் மட்டும் குடிக்கிறது.

அதைவிடப் பெரிய தலைவலி துறையூர். நான் சைக்கிளில் கூடை கட்டிக்கொண்டு போய், கடை கடையாக நின்று பிடித்த லைன். என் வியாபாரத்தில் பாதிக்கு மேல் அதுதான். ஒவ்வொரு வாரமும் ஆர்டர் இறங்குகிறது. போன் போட்டால் "சேல் கம்மிண்ணே" என்கிறார்கள். எவனோ ஒருவன் முட்டைக்கு ஐந்து பைசா குறைத்துப் போடுகிறான். அது எவன் என்று கண்டுபிடிக்கும் வேலையை நாச்சிமுத்துவிடம் கொடுத்திருக்கிறேன்.

ஜூன் 5, புதன்

வண்டியை எலக்ட்ரீஷியன் சாதிக் பாயிடம் விட்டேன். பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, கியரில் போட்டு ஓட விட்டார். முள் ஏறி, சொன்ன இடத்தில் நின்றது.

"ஆஸ்பத்திரி வாசல்ல வந்தா மட்டும் காய்ச்சல் இருக்காதே, அந்த மாதிரிங்ணா இது."

கியர்பாக்ஸின் பின்பக்கம் ஒரு சென்சார் இருக்கிறது. அதிலிருந்து மூன்று ஒயர் கப்ளர் என்கிற பிளாஸ்டிக் இணைப்பில் சொருகி மீட்டருக்குப் போகிறது. இதில் எது கைவிட்டாலும் முள் விழும். எர்த் ஒயரைச் சுரண்டித் துடைத்தார், கப்ளருக்குள் ஸ்ப்ரே அடித்தார்.

"முந்நூறு குடுங்ணா."

"இருநூறு வெச்சுக்க. மறுபடி விழுந்தா நீ எனக்குத் தரோணும்."

"இந்தப் பேச்சுக்குத்தான் உங்க முட்ட மட்டும் ஒடையறதில்ல."

டீசலைப் பற்றியும் கேட்டேன். இன்ஜெக்டர் பார்க்க வேண்டும், அதற்கு வேறு ஆள் என்றார். பங்க்கை மாற்றிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். அளவில் கைவைக்கிறான் என்று எனக்குச் சந்தேகம்.

சுலோசனா சாயங்காலம் அம்மா வீட்டுக்குப் போனாள். நாச்சிமுத்து வீடுதான், இரண்டு தெரு தள்ளி. என் மாமியாருக்கு முழங்காலில் தைலம் தேய்க்கப் புதனும் ஞாயிறும் போகிறாள்.

ஜூன் 7, வெள்ளி

முள் ஒழுங்காக நின்றது. உடைப்பு அரை அட்டை. சாதிக் பாய்க்கு இருநூறு தகும்.

ஜூன் 10, திங்கள்

தகாது.

நாச்சிமுத்து விளக்கு வைத்த பிறகுதான் வந்தான். துறையூர் போய்த் திரும்பினால் நூற்று முப்பது கிலோமீட்டர் காட்ட வேண்டும். இன்று காட்டியது அதில் பாதி.

"போறப்ப நல்லாத்தான் இருந்துதுங் மாமா. துறையூர்ல எறக்கிட்டுத் திரும்பறப்ப செத்துப்போச்சு. வீடு வரைக்கும் எந்திரிக்கவே இல்ல."

"ஏன் இவ்வளவு நேரம்?"

"டயர் பஞ்சருங்க."

ஸ்டெப்னியைப் பார்த்தேன். அதன் மேல் தூசி அப்படியே இருந்தது. டயரைக் கழற்றாமல், கடையில் நிறுத்தி ஒட்டிக்கொண்டு வந்திருப்பான்.

துறையூரில் மேலும் மூன்று கடை ஆர்டரைக் குறைத்துவிட்டது. குறைத்து விற்பவன் யாரென்று கேட்டேன்.

"பெரம்பலூர்ப் பக்கத்து ஆளாட்ட இருக்குதுங். பேரக் கேட்டா ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டீங்கறாங்க மாமா."

"கேட்டுக்கிட்டே இரு."

"கேக்கறனுங்க."

ஜூன் 12, புதன்

சாதிக் பாய் சென்சாரையே மாற்றினார். பழையதை என் கையில் வைத்தார், நல்லாத்தான் இருந்தது. இருவரும் எருமப்பட்டி வரை ஓட்டிப் போய்த் திரும்பினோம். பள்ளம், வேகத்தடை எதற்கும் முள் அசையவில்லை.

திரும்பும்போது கேட்டார். "ரெண்டு பேரு ஓட்டறீங்கல்ல, ரெண்டு பேருகிட்டயும் விழுதுங்களா?"

"ரெண்டு பேருகிட்டயும்தான்."

"ஒரே மாதிரிங்களா?"

யோசித்துப் பார்த்தால் ஒரே மாதிரி இல்லை. என்னிடம் விழும், எழும், ஆடும். அவனிடம் ஒரேயடியாக விழும், அப்புறம் எழுவதில்லை. "ரோடு வேற பாய்" என்றேன். அவர் பீடி பற்றவைத்துக்கொண்டார்.

ஜூன் 14, வெள்ளி

ராசிபுரம் ரயில்வே கேட்டில் வண்டி குலுங்கியதும் முள் விழுந்தது. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. புளியமர நிழலில் ஓரங்கட்டி, சாக்கை விரித்து நானே அடியில் படுத்தேன். இந்த வயதில் செய்கிற வேலை இல்லைதான். ஆனால் கண்டுபிடித்தேன்.

கப்ளர் பூட்டிக்கொள்ள ஒரு சின்னப் பிளாஸ்டிக் நாக்கு உண்டு. அது உடைந்திருந்தது. பூட்டு இல்லாததால் குலுங்கும்போது ஒயர் விலகுகிறது, மறுபடி ஒட்டுகிறது. முள் ஆடுவதற்கு அதுதான் காரணம். இரண்டு முறை பார்த்த சாதிக் பாய்க்கு இது தெரியவில்லை. போனில் பிடித்துத் திட்டினேன்.

"ஸ்ப்ரே அடிச்சப்ப இருந்துச்சுங்ணா, சத்தியமா. அது தானா ஒடையாதுங்க. கழட்டி மாட்டி, கழட்டி மாட்டின்னு இருந்தாத்தான் ஒடையும். வாட்டர் சர்வீஸ்காரன் எவனாச்சும் கைய வெச்சானா?"

வண்டியை வீட்டில்தான் கழுவுகிறோம் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

கையில் கயிறு இருந்தது. கப்ளரைச் சேர்த்துப் பிடித்துக் கட்டினேன், முட்டை அட்டை கட்டுகிற மாதிரியே. ஏழு அட்டை அடுக்கி இரண்டு சுற்றுச் சுற்றி, வாலை வலப்பக்கமாகச் செருகிப் போடும் சுருக்கு. ஒரே இழுப்பில் அவிழும், தானாக அவிழாது. துறையூர்க் கடைக்காரர்களுக்கு இந்தச் சுருக்குதான் வேண்டும். கூட்ட நேரத்தில் நின்று அவிழ்க்க அவர்களுக்குப் பொறுமை கிடையாது. அதனால் துறையூர்க் கட்டு நானும் நாச்சிமுத்துவும் மட்டும் போடுவோம். அவனுக்குக் கற்றுக் கொடுத்ததும் நான்தான், ஆனால் அவன் இடக்கைக்காரன். வால் எப்போதும் இடப்பக்கம் நிற்கும், எவ்வளவு சொல்லியும் மாறவில்லை. ராசிபுரம் கட்டு சுலோசனாவின் பொறுப்பு. அவள் போடுவது இரட்டை முடிச்சு, நடுவில் ஒரு முறுக்கு. பிளேடு வைத்து அறுத்தால்தான் உண்டு. எங்களுக்குக் கலியாணமான புதிதில் சைக்கிளில் என் கட்டு ஒன்று அவிழ்ந்து ரோட்டில் கொட்டியது. அன்றிலிருந்து அவள் யாரையும் நம்பிச் சுருக்குப் போடுவதில்லை.

முள் வீடு வரை நாற்பத்தைந்தில் நின்றது.

ஜூன் 16, ஞாயிறு

மத்தியானம் நாச்சிமுத்துவும் அவன் மனைவியும் பிள்ளையும் சாப்பிட வந்தார்கள். நாட்டுக்கோழி. கப்ளரைக் கண்டுபிடித்த கதையைச் சொன்னேன். நாச்சிமுத்து குழம்பைப் பிசைந்துகொண்டே கேட்டான். "கவுறு போட்டே கட்டிட்டீங்களா மாமா? அவுந்தராதுங்களா?"

"என்ற முடிச்சு எப்ப அவுந்துது?"

எல்லாரும் சிரித்தோம். சுலோசனா ரசம் எடுக்க எழுந்து போனாள்.

அவர்கள் போனதும் பாத்திரம் தேய்த்துக்கொண்டே பேச்செடுத்தாள். "அவனுக்குக் கலியாணத்தப்ப சபையில வெச்சு ஒரு வார்த்த சொன்னீங்க. துறையூர் லைன் இனி மாப்பிள்ளைக்குத்தான்னு. பொண்ணு வீட்டுக்காரங்க அத நம்பித்தான் குடுத்தாங்க. அந்தப் புள்ளைக்கு ஒம்பது வயசாச்சு."

"சம்பளம் ஏத்தித்தானே குடுக்கறேன்."

"சம்பளத்தையா சொன்னீங்க?"

"நேரம் வரட்டும் புள்ள. லைன் இப்ப இருக்கற இருப்புல அவன்கிட்டக் குடுத்தா மூழ்கிரும்."

அவள் கையைக் கழுவிக்கொண்டு தைலம் தேய்க்கக் கிளம்பிவிட்டாள்.

ஜூன் 18, செவ்வாய்

நேற்றும் அவனுக்கு முள் விழுந்ததாம், துறையூரிலிருந்தே. கட்டியது எப்படி விழும்? இன்று காலை கிளம்புவதற்கு முன் அடியில் படுத்துப் பார்த்தேன். கப்ளர் சரியாகச் சொருகியிருந்தது, கட்டும் இருந்தது. வால் இடப்பக்கம் நின்றது.

கொஞ்ச நேரம் அங்கேயே படுத்திருந்தேன். சுலோசனா வாசலிலிருந்து காபி ஆறுகிறது என்றாள்.

மத்தியானம் பேச்சோடு பேச்சாக அவனிடம் கேட்டேன். "வண்டிக்கு அடியில எதாச்சும் பாத்தியா மாப்ள?"

"நானெதுக்குங் மாமா அடியில போறேன், வெள்ள வேட்டியக் கட்டிக்கிட்டு."

சரி என்றேன். ஒருவேளை தளர்ந்திருந்து, இறுக்கிக் கட்டிவிட்டுச் சொல்ல மறந்திருக்கலாம். அவன் சின்ன வயதிலிருந்தே மறதிக்காரன்.

ஜூன் 20, வியாழன்

இன்றும் துறையூரிலிருந்தே.

ஜூன் 22, சனி

துறையூருக்குப் பஸ்ஸில் போனேன். வீட்டில் திருச்சிக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன்.

தங்கராசு மளிகைக்குத்தான் முதலில் போனேன். அந்த வீதியில் நான் பிடித்த முதல் கடை, அப்போது அவருடைய அப்பா இருந்தார். என்னைப் பார்த்ததும் தங்கராசுவின் முகம் போன போக்கு இருக்கிறதே, கடன் கேட்க வந்தவனைப் பார்த்தவர்போல் ஆகிவிட்டார்.

"வாங்கண்ணே, சொல்லாம கொள்ளாம. டேய், அண்ணனுக்கு டீ சொல்லு."

கடைக்குள் மூலையில் முட்டை அடுக்கியிருந்தது. எனக்குக் குறைத்துவிட்டேன் என்று சொன்னவர் கடையில் முன்பைவிட உயரமாக அடுக்கு. நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார். அதற்குள் புரோட்டாக்கடைக்காரர் ஒருவர் வந்து ஒரு கட்டு கேட்டார். தங்கராசு சரக்கை இழுத்துப் போட்டுக் கல்லாவில் பிளேடைத் தேடினார்.

"இந்தக் கட்டு ஒண்ணுதாண்ணே ரோதனை. வெல கம்மிதான், முட்டையும் நல்ல முட்டைதான். முடிச்சு மட்டும் பேய் முடிச்சு. நகமே போயிரும்."

"குடு, நான் அறுக்கறேன்" என்று பிளேடை வாங்கினேன்.

இரட்டை முடிச்சு. நடுவில் ஒரு முறுக்கு.

அறுத்துக் கொடுத்தேன். பிளேடைத் திருப்பி வைத்தேன். டீ வந்தது. குடித்தேன்.

தங்கராசுவால் பொறுக்க முடியவில்லை, தானாகவே சொல்ல ஆரம்பித்தார். "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. வேத்து ஆளுன்னா நான் வாங்குவேனா? உங்க மச்சினன் எறக்குறாரு, உங்க வண்டியிலயே எறக்குறாரு. முன்னாடி உங்க சரக்கு, பின்னாடி அவரு சரக்கு. குடும்பத்துக்குள்ள பேசி வச்சதுன்னுதான் இந்த வீதியே நெனச்சுக்கிட்டிருக்கு."

"எறக்கிட்டு எங்க போறான்?"

"பெரம்பலூருக்குங்க. அங்கயும் நல்லாப் புடிச்சுட்டாராம்ல. உங்க கிட்டத் தொழில் கத்தவரு, சும்மாவா?"

பெருமையாகத்தான் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் முழுதும் விளங்கிவிட்டது. முன்பெல்லாம் துறையூரில் கப்ளரைக் கழற்றி, பெரம்பலூர் போய்த் திரும்பி, அதே இடத்தில் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறான். அன்றன்றைக்கு நூற்று முப்பது சரியாகக் காட்டியிருக்கிறது. கூடுதலாகப் போன டீசலுக்கு நான் பங்க்காரனைச் சந்தேகப்பட்டிருக்கிறேன். கழற்றிக் கழற்றி நாக்கு உடைந்தது. கோளாறு, கோளாறு என்று நானே சொன்னதும், மறுபடி மாட்டுகிற சிரமத்தையும் விட்டுவிட்டான். வீடு வருவதற்கு முன்னால் எங்காவது நிறுத்திக் கட்டிவைத்தால் போதும். என் வாயாலேயே அவனுக்கு வசதி செய்து கொடுத்திருக்கிறேன்.

குறைத்து விற்கிறவன் யாரென்று கண்டுபிடிக்க அவனையே அனுப்பினேனே.

முடிச்சைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

ஜூன் 23, ஞாயிறு

மழை இல்லை. அரைக் கிலோ ஆட்டுக்கறி எடுத்து வந்தேன். சுலோசனா உப்புக் கொஞ்சம் கூடப் போட்டுவிட்டாள்.

சாயங்காலம் அவள் கிளம்பும்போது, "இன்னிக்கு உங்கம்மாளுக்கு நான் தேச்சு விடட்டுமா?" என்றேன்.

"ஆம்பள போயி மாமியாருக்குத் தைலம் தேய்க்கறதா? ஊரு சிரிக்கும்."

நான் உட்கார்ந்துகொண்டேன். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தாள். எனக்குச் சோறு போட்டபோது சுட்டுவிரலில் கயிறு அறுத்த தடம் சிவந்திருந்தது. ராசிபுரம் கட்டு நாளைக்குத்தான்.

ஜூன் 24, திங்கள்

அவன் போனான். கப்ளர் கட்டின் வாலை வலப்பக்கமாக மாற்றிக் கட்டி அனுப்பினேன். இடப்பக்கமாக வந்தது.

ஜூன் 26, புதன்

சாதிக் பாயிடம் புதுக் கப்ளர் போடச் சொன்னேன். போட்டதும் அதன் மேல் எம்சீல் பிசைந்து பூசச் சொன்னேன், ஒயரும் சென்சாரும் ஒரே கட்டியாகும்படி.

"இனிமே கழட்டோணுமுன்னா ஒடச்சுத்தான் எடுக்கோணும்ங்ணா."

"கழட்ட வேண்டாம்."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிசைய ஆரம்பித்தார். காசு எவ்வளவு என்றேன். வேண்டாம் என்றார். அதுதான் எனக்கு அவமானமாக இருந்தது. கையில் திணித்துவிட்டு வந்தேன்.

ஜூன் 27, வியாழன்

மத்தியானம் மூன்று மணிக்கே வண்டி வந்துவிட்டது. வாசலில் நிறுத்திவிட்டு நாச்சிமுத்து இறங்காமல் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். பின்னால் பாதி வண்டி கட்டு இறக்காமல் இருந்தது. நான் போய்க் கண்ணாடி வழியாக மீட்டரைப் பார்த்தேன். நூற்று முப்பது.

"துறையூரோட திரும்பிட்டியா?"

"எம்சீல் வெச்சிருக்கீங்க மாமா."

"முள்ளு விழுதுன்னு சொன்னயே, அதுக்குத்தான்."

கைகளை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். விரல் முட்டி தேய்ந்து ரத்தம் கட்டியிருந்தது. அடியில் படுத்துச் சுரண்டிப் பார்த்திருக்கிறான். வெள்ளை வேட்டி முழுக்க கிரீஸ்.

"எத்தன நாளா?"

"ரெண்டு வருசமாகப் போகுதுங்க."

"யாரு முட்ட?"

"காசு குடுத்துத்தான் எடுக்கறனுங்க, எருமப்பட்டிப் பண்ணையில. உங்க சரக்குல கைய வெக்கல மாமா. ஒரு முட்டகூட."

"என் கடையில வெச்சயே."

எனக்குப் பின்னால் கதவுச் சத்தம் கேட்டது. சுலோசனா வந்து நின்றாள். இவ்வளவு நாள் அவள் பெயரை இதில் சேர்க்காமல் எழுதிக்கொண்டு வந்தேன். இனி அது முடியாது.

"அவனக் கேக்காதீங்க. கட்டிக் குடுத்தது நானு."

"தெரியும்."

இப்படிச் சொல்வேன் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. "எப்பத் தெரியும்?"

"தங்கராசு கடையில உன் முடிச்ச நான்தான் பிளேடு வெச்சு அறுத்தேன்."

தெருவில் போன ஒருத்தி நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

"உள்ள வாங்க, ரெண்டு பேரும்" என்றாள் சுலோசனா. நாங்கள் இருவரும் போகவில்லை.

"எனக்கு எதிரா என் வீட்லயே கடை போட்டிருக்கீங்க" என்றேன். "என்ற டீசல்ல, என்ற வண்டில, என்ற பொண்டாட்டி கையால. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தாக் குடுத்திருப்பனே."

"கேட்டேன்" என்றாள். "போன மாசங்கூடக் கேட்டேன். இந்த மாசமும் கேட்டேன், கோழிக்கொழம்பு வெச்ச அன்னிக்கு. நேரம் வரட்டும்னீங்க. உங்க நேரம் வர்றதுக்குள்ள அவன் புள்ளையே கலியாணத்துக்கு வந்திரும்."

"அப்படியெல்லாம் நீ கேக்கல."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் நாச்சிமுத்துவிடம், "எறங்கு. முட்ட வெயில்ல வேகுது" என்றாள். அவன் இறங்கினான். அக்காளும் தம்பியுமாகக் கட்டுகளை இறக்கி என் வீட்டு நிழலில் அடுக்கினார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எல்லாம் நல்ல முட்டை. இதையும் எழுதத்தான் வேண்டும்.

அவள் அப்படிக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

ஜூன் 28, வெள்ளி

ராசிபுரம் போனேன். முள் அசையவில்லை. உடைப்பு இல்லவே இல்லை.

கட்டு எல்லாம் சுலோசனா போட்டு வைத்திருந்தாள், வழக்கம்போல இரட்டை முடிச்சு. சாப்பாடு மூடி வைத்திருந்தது. நானே எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

துறையூரை மீட்க முடியுமா என்று வழியெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முட்டைக்குப் பத்துப் பைசா குறைத்துப் போட்டால் இரண்டு மாதத்தில் கடைகள் திரும்பி வரும். அவன் காணாமல் போவான். அவனிடம் வண்டியும் இல்லை. செய்யலாம். செய்துவிட்டு வீட்டுக்கு வந்து யார் கையால் சாப்பிடுவது என்பதற்குத்தான் கணக்கு வரவில்லை.

அந்த லைனை நான் ஏற்கெனவே இழந்துவிட்டேன். இழந்ததற்கு விலை வாங்குவதுதான் இனி வியாபாரம்.

ஜூன் 30, ஞாயிறு

வண்டியை நாச்சிமுத்துவுக்கே விற்றுவிட்டு எனக்கு வேறு பார்த்துக்கொள்வது என்று, வண்டி புரோக்கர் வையாபுரியை வரச் சொன்னேன். மூன்றாவது ஆள் ஒருவர் இருந்தால்தான் சொந்தத்துக்குள் பேச்சு வளராது. வையாபுரிக்கு விஷயம் எதுவும் தெரியாது. மாமன் பழைய வண்டியை மச்சினனுக்குத் தள்ளிவிடுகிறான் என்றுதான் அவருக்கு நினைப்பு. வண்டியைச் சுற்றி வந்தார், டயரை உதைத்தார், சாவி போட்டு மீட்டரைப் பார்த்தார்.

"ஒரு லட்சத்தி எம்பத்தி நாலாயிரந்தான் ஓடியிருக்குது. இந்த மாடலுக்கு இது கம்மி. காளியண்ணா, உங்க கை பட்ட வண்டி வேற. ரெண்டு அறுவது தாராளமாப் போகும்."

"ரெண்டு பத்துதான் தர முடியும் மாமா" என்றான் நாச்சிமுத்து. தரையைப் பார்த்துத்தான் பேசினான். ஆனால் வியாபாரப் பேச்சு சரியாக வந்தது. நான் பழக்கியவன்.

"ஏந்தம்பி?" என்றார் வையாபுரி.

"வண்டி அதுக்கு மேல ஓடியிருக்குதுங்க."

"மீட்டர் ஒண்ணு எம்பத்தி நாலுன்னுதானே காட்டுது?"

"மீட்டர் காட்டறது..." என்று ஆரம்பித்தான். அங்கேயே நிறுத்திக்கொண்டான்.

"சொல்லு மாப்ள" என்றேன். "எவ்வளவு கூட ஓடியிருக்குது? எங்க ஓடுச்சு? வையாபுரியண்ணனுக்குச் சொல்லு, கழிச்சுக்கலாம்."

சமையலறையில் பாத்திரம் உருட்டுகிற சத்தம் நின்றது. வையாபுரி என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். நாச்சிமுத்துவின் காதுமடல் சிவந்துபோய்விட்டது. பதினாறு வயதில் முதன்முதலாக ஒரு கட்டைக் கீழே போட்டு உடைத்தபோதும் அவனுக்கு இப்படித்தான் சிவந்தது. அன்றைக்கு நான் அவனை அடிக்கவில்லை.

"ஒண்ணும் கூட ஓடலீங்க" என்றான். "மீட்டர்ல இருக்கறதுதான்."

"அப்பறமென்ன" என்று சிரித்தார் வையாபுரி. அவர் சிரிப்பில் யாரும் சேரவில்லை.

ஜெயித்துவிட்டேன். இதுபோல ஜெயித்த நாட்களில் சாயங்காலம் சுலோசனாவைக் கூப்பிட்டு நடித்துக் காட்டுவேன், அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பாள்.

வையாபுரி கமிஷனை வாங்கிக்கொண்டு போனதும் எந்த லைன் யாருக்கு என்று நானும் அவனும் பேசி முடித்தோம். பிறகு அவளே வந்து தூணோரம் நின்றாள். கையில் கயிற்றுக் கண்டு.

"வண்டி பேசிட்டீங்க, லைன் பேசிட்டீங்க. கட்டு யாரு போடறதுன்னு பேசவே இல்லியே."

"அவன் கட்டுக்கு அவன் ஆள் பாத்துக்கோணும்" என்றேன்.

"ஆள் நாந்தான். அவனுக்கும் போடறேன், உங்களுக்கும் போடறேன். திருட்டுத்தனமா இல்ல, இந்த வாசல்ல உக்காந்து." பிறகு சொன்னாள். "ஆனா இனி சும்மா இல்ல."

நாச்சிமுத்து நிமிர்ந்து அக்காளைப் பார்த்தான். எனக்கும் அப்போதுதான் அவளை நேராகப் பார்க்க முடிந்தது. என்ன கேட்கிறாய் என்றேன், கடைக்காரரிடம் கேட்கிற குரலில். வேறு குரல் வரவில்லை. அவள் யோசிக்கக்கூட இல்லை, ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருந்தாள். ஒரு ரூபாய்க்குக் குறைத்துப் பார்த்தேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டாள்.

முடிவானது இது:

வண்டி இரண்டு லட்சத்து அறுபதாயிரம், மீட்டர் காட்டும் ஓட்டத்துக்கு. ஒரு லட்சம் இப்போது, மீதி ஆறு மாதத்தில். துறையூரும் பெரம்பலூரும் அவனுக்கு. ராசிபுரம் எனக்கு, புதன்சந்தை தாண்டி அவன் முட்டை வரக் கூடாது. கட்டுக் கூலி கட்டுக்கு இரண்டு ரூபாய், ஞாயிறுதோறும் சுலோசனா கையில் ரொக்கமாக. தம்பிக்கும் எனக்கும் ஒரே விலை.